மூஞ்சி இல்லாத நோட்டீஸ்

"இந்த எடம் சும்மாதானே கெடக்கு?"

ரத்தினவேல் சார் என் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து அழுத்திக் கேட்டார். விரலை எடுத்த இடத்தில் பஜ்ஜி எண்ணெய் வட்டமாக நின்றது. அவர் காட்டியது நான் ஆசை ஆசையாகக் காலியாக விட்டுவைத்த இடம். மேலே மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. கீழே பொடி எழுத்தில் தேதி, நேரம், இடம். நடுவில் நல்ல கருப்பு. வேறு ஒன்றும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததுதான் டிசைனே என்று இவருக்கு எப்படிச் சொல்வது?

"அது சும்மா இல்ல சார். அப்படித்தான் இருக்கணும்."

"ஏம்மா சுமதி, காசு குடுத்து யாராச்சும் கருப்பு வாங்குவானா?"

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் டிசைன் கடை போட்டு வருஷம் பல ஆகிறது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கடைத்திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பார்த்தாயிற்று. நைட் கிளப்புக்கு நோட்டீஸ் போட்டது அந்த ஒரு தடவைதான்.

பெங்களூர் ஞானம்

ரத்தினவேல் சாருக்கு ஹைவே ஓரத்தில் ஹோட்டல். கீழே சாப்பாடு, மாடியில் ஏ.சி. ஹால். காலையில் நிச்சயதார்த்தம், மத்தியானம் காதுகுத்து விருந்து, சாயங்காலம் மகளிர் குழுக் கூட்டம் என்று அந்த ஹாலுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மார்கழி பிறந்தால் மட்டும் விசேஷம் எதுவும் கிடையாது. ஹால் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு வயிறு எரியும்.

ஒரு தடவை சொந்தக்காரர் கல்யாணத்துக்கு பெங்களூர் போனவரை, கல்யாண வீட்டு இளவட்டங்கள் ஒரு நைட் கிளப்புக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். போனவர் ஒருத்தர், வந்தவர் வேறொருத்தர்.

"எலை போடற வேல இல்ல. பந்திக்கு ஆளு வேணாம். லைட்டுகூட போட வேணாம்மா! நின்னுகிட்டே ஆடுறான், நின்னுகிட்டே போயிடறான்!"

கலை அவரைத் தொட்டது இந்த வழியாகத்தான்.

பெரம்பலூரின் முதல் நைட் கிளப் வரப்போகிற மார்கழியிலேயே அவர் மாடி ஹாலில் என்று முடிவாயிற்று. பெங்களூரில் கேட்ட டி.ஜே.வையே வரவழைக்க ஏற்பாடும் ஆயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்குக் குத்துவிளக்கேற்றித் தொடக்கம். பத்து மணிக்கு முடிவு. அதற்கு மேல் சத்தம் போட்டால் போலீஸ் வரும், ஜெயங்கொண்டம் பஸ்ஸும் போய்விடும். நோட்டீஸில் கட்டாயம் இருக்க வேண்டிய வாசகங்களை அவரே சொன்னார்: குடும்பத்துடன் வருக. சைவம் தனி. பெண்களுக்குத் தனி வரிசை.

"நைட் கிளப்புல வரிசை எதுக்கு சார்?" என்றேன்.

"பின்ன, ஒக்கார வேணாமா?" என்றார்.

மாவட்டத்துக்கே ஒரே கோட்டு

இங்கே கொஞ்சம் என் தொழில் பெருமையைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் டிசைன் என்றால் மூஞ்சி. என்ன விசேஷம் என்பது ஒரு மூலையில் இருந்தால் போதும். பந்தல் போட்டவருக்கு ஒரு மூஞ்சி, தண்ணீர் கேன் கொடுத்தவருக்கு ஒரு மூஞ்சி. எதுவும் கொடுக்காமல், போடாவிட்டால் கோபித்துக்கொள்ளக் கூடியவர் என்று ஒருத்தர் இருப்பார். அவருக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய மூஞ்சி.

மூஞ்சி இருந்தால் கோட்டு வேண்டும். என்னிடம் ஒரு கோட்டு இருக்கிறது. கருநீலம். எந்த மகராசனுடையதோ, தலையில்லாமல் இன்டர்நெட்டில் கிடந்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து ஆம்பளைகளும் மாற்றி மாற்றி அதைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். முகத்தில் முழிக்காத இரண்டு பங்காளிகள் ஒரே வாரத்தில், எதிரெதிர் கம்பத்தில், அதே கோட்டில் நின்று ஊரைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள். டையின் நிறத்தை மட்டும் கட்சிக்குத் தகுந்த மாதிரி மாற்றிவிடுவேன்.

அப்புறம் நிறம். எடுத்த எடுப்பிலேயே இரண்டு படி வெளுத்துவிட வேண்டும். மீசையை அடர்த்தியாக்கி, கண்ணுக்குக் கீழே இருக்கும் பையைத் துடைத்து, முன் வழுக்கையில் நாற்று நட்டால் ஆள் தயார். ஒரு தடவை ஒரு பெரிய மனுஷனை, நேரமில்லாமல், உள்ளது உள்ளபடி போட்டுவிட்டேன். "எவன் போட்டோவையோ போட்டு வச்சிருக்கீங்க" என்று கடைக்கே சண்டைக்கு வந்துவிட்டார். அதிலிருந்து நான் யாரையும் உள்ளபடி போட்டதில்லை.

எத்தனை பாக்ஸ்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே டி.ஜே. என்றால் ஆள் இல்லை, பொருள். "கல்யாணத்துக்கு டி.ஜே. வச்சிருக்கோம்" என்பார்கள். "எத்தன பாக்ஸ்?" என்று எதிராளி கேட்பார். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் நல்ல டி.ஜே. கண்ணாடி விழுந்தால் ரொம்ப நல்ல டி.ஜே. அதை இயக்குகிறவருக்குப் பெயரே கிடையாது, ஒயர் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்.

அதனால் டி.ஜே. விரா என்று ஒரு பெண் எனக்கு போன் செய்தபோது, பாக்ஸ் வாடகை பேசத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"அக்கா, ரத்தினவேல் சார் உங்க நம்பர் குடுத்தாரு. நோட்டீஸ் நீங்கதான் பண்றீங்களாமே?"

"ஆமாம்மா. உன் போட்டோ ஒண்ணு அனுப்பு. நல்ல வெளிச்சத்துல எடுத்தது."

"அதுக்குத்தாங்க்கா போன் பண்ணேன். என் போட்டோ போட வேணாம்."

பெங்களூர்ப் பெண் என்று நினைத்தவள் பேச்சில் 'வேணாம்' நம்ம ஊர் வேணாமாக விழுந்தது. எந்த ஊரும்மா என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உடையார்பாளையம் பக்கந்தாங்க்கா. நெசப் பேரு விருத்தாம்பாள். சாருக்குத் தெரியாது. எங்க வூட்டுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் கம்பெனில நைட் ஷிப்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நைட் ஷிப்டுன்னா நைட் ஷிப்டுதானே. அப்புறம் எதுக்கும்மா இங்க வந்து வாசிக்க ஒத்துகிட்ட?"

"எந்தெந்த ஊருக்காரங்களையோ ஆட வச்சிட்டேங்க்கா. நம்ம ஊருல ஒருத்தராச்சும் ஆடுவாங்களான்னு பாக்கணும்." அப்புறம் சொன்னாள்: "முடிஞ்சதும் பொங்கலுக்கு வூட்டுக்குப் போயி எங்க அப்பாகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். நானே சொல்லணுங்க்கா. அதுக்கு முந்தி நாலு ரோடு பேனர் சொல்லிடக் கூடாது. அப்படித் தெரிஞ்சா எங்கப்பா மூஞ்சியில முழிக்க முடியாது."

சத்தியம் எல்லாம் செய்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு என்னவோ செய்துவிட்டேன்.

அவளே சில கிளப் நோட்டீஸ்களை அனுப்பிவைத்தாள். ஒன்றிலும் மூஞ்சி இல்லை. ஒரு வட்டம், ஒரு கோடு, இருட்டு. "அங்க இருட்டுல யாரும் யாரையும் பாக்க மாட்டாங்கக்கா. அதனாலதான் ஆட வருது" என்றாள். அவள் வாசித்ததையும் அனுப்பினாள். பாட்டே இல்லை, ஒரே அடிதான் போய்க்கொண்டிருந்தது. எப்போதுதான் பாட ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டே ஒருவருடைய மருவை அழித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் என் கால் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு வரவே இல்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. அன்று பண்ணியதுதான் அந்தக் கருப்பு நோட்டீஸ். என் வாழ்நாளில் நான் எனக்காகப் பண்ணிய ஒரே டிசைன்.

ஆக்கிரமிப்பு

"டி.ஜே. பொண்ணு போட்டோ வேணாங்குது. சரி, போவட்டும். அப்ப அந்த எடத்துல நம்ம ஆளுங்களப் போடு" என்று ரத்தினவேல் சார் தீர்ப்புச் சொன்னார். "மூஞ்சி இல்லாத நோட்டீஸ எவன் நம்புவான்?"

என் கருப்பு, புறம்போக்கு நிலம் போல ஆயிற்று. முதலில் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரு மூலையில் குடியேறினார். அவர் வந்தது தெரிந்து ஜெனரேட்டர்காரர் வந்தார். பந்தலே இல்லாத நிகழ்ச்சிக்குப் பந்தல்காரர் வந்தார். பெயர் எழுத இடம் போதவில்லை என்றேன். "பேரு எதுக்கு? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?" என்றார் சார். அதனால் கோட்டுக்குக் கீழே ஒற்றைச் சொல்தான்: சவுண்ட். ஜெனரேட்டர். பந்தல்.

கடைசியாக வந்தவர் முந்திரி. பெயர் கலியபெருமாள். உடையார்பாளையம் பக்கத்துக்காரர், கொஞ்சம் முந்திரிக்காடு, கொஞ்சம் வியாபாரம். ஹோட்டலுக்கு முந்திரி போடுகிறவர். நைட் கிளப்புக்கு மிளகுத்தூள் போட்டு வறுத்த முந்திரி அவர் உபயம். பதிலுக்கு ஒரு மூஞ்சி.

மர்மம் வளர்த்துக் கதை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. இவர்தான் விராவின் அப்பா. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. அவளிடம் அப்பா பெயர் என்னவென்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் விசாரித்தால், விசாரிப்பது வேறொன்று என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அசிங்கம் பிடிக்காமல் நான் யாரிடமும் அதைக் கேட்பதில்லை.

ஒரு பொட்டலம் முந்திரியோடு கடைக்கு நேரில் வந்திருந்தார். கன்னத்தில், முந்திரித்தோல் எண்ணெய் தெறித்துப் பொத்துப்போன தழும்பு. விரலெல்லாம் அதே கறை. போட்டோ எடுத்துக்கொள்ள நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார்.

"கோட்டு போட்டுக் குடுப்பீங்களாமே?"

"போட்டுடலாங்க."

"இந்தத் தழும்பு தெரியாம பண்ண முடியுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமே தெரியாதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எம் பொண்ணு பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கு. நைட் ஷிப்டு. அப்பன் இப்படி கோட்டும் சூட்டுமா பேனர்ல நிக்கறதப் பாத்தா அசந்துடும். இப்ப சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு வரும்ல, நேர்ல காட்டிக்கறேன்."

பெங்களூரில் நைட் ஷிப்டு பார்க்கிற பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. நான் எதையும் சந்தேகப்படவில்லை. அவருக்குக் கோட்டு மாட்டினேன். தழும்பைத் துடைத்தேன், இரண்டு படி வெளுத்தேன், நரையைக் கருக்கினேன். நானே சொல்லக் கூடாது, அந்த வாரத்திலேயே என் சிறந்த வேலை அதுதான்.

முடிந்த நோட்டீஸை விராவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என் மூஞ்சி இல்ல. அது போதுங்க்கா." சிரித்தாள். "இந்த அங்கிளுங்க எல்லாம் யாருக்கா? எல்லாருக்கும் ஒரே டெய்லரா?"

ட்யூப்லைட்

நிகழ்ச்சியன்று சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போட்டு முதுகில் சிவப்பு முடிச்சு. குத்துவிளக்கு. மேடைக்குப் பின்னால் அதே மூஞ்சிகள் சுவர் அகலத்துக்கு. ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு, பட்டிமன்றம் கேட்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். விரா தொப்பியும் ஹெட்போனுமாகத் தலையைக் குனிந்து வாசிக்க ஆரம்பித்தாள். "பாட்டு எப்பங்க போடுவாங்க?" என்று பின்வரிசையில் ஒருத்தர் கேட்டார்.

அப்போது தெய்வாதீனமாக கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் சவுண்டுக்கு மட்டும்தான். ஹால் இருட்டாகி, அந்த அடி மட்டும் நெஞ்சில் வந்து மோதியது. முதலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் பெண்கள் வரிசையிலிருந்தே யாரோ விசில் அடித்தார்கள். அப்புறம் பார்த்தால் ஹாலே நின்று ஆடிக்கொண்டிருந்தது. யார், எவர், எந்தத் தெரு ஒன்றும் தெரியவில்லை. நானும் ஆடினேன். பெரம்பலூரில் நான் அப்படி ஆடியதில்லை, எந்த ஊரிலும் ஆடியதில்லை. மேடையில் அந்தப் பெண் கையைத் தூக்கியதை மங்கலாகப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கரண்டு வந்தது. ரத்தினவேல் சார் எல்லா ட்யூப்லைட்டையும் போடச் சொல்லி மைக்கைப் பிடித்தார்.

"அடுத்த நிகழ்வாக, இவ்விழாவுக்கு உதவிய நல்லுள்ளங்களுக்கு, சிறப்பு விருந்தினர் டி.ஜே. விரா அவர்கள் பொன்னாடை போர்த்துவார்!"

தட்டுப் பிடிக்க ஒரு லேடீஸ் வேண்டும் என்று என்னை மேடைக்கு ஏற்றிவிட்டார். பாட்டை நிறுத்தக் கூடாது என்று விரா சத்தத்தைக் குறைத்து, ஒரே அடி தானாகச் சுற்றும்படி விட்டுவிட்டு வந்தாள். தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள், மரியாதை இல்லையாம். கழற்றினாள்.

சவுண்டுக்குப் போர்த்தினாள். பந்தலுக்குப் போர்த்தினாள். "அடுத்து, முந்திரி உதவிய அண்ணன் கலியபெருமாள்!"

பெயரைக் கேட்டதும் அவள் கையிலிருந்த சால்வை நழுவித் தட்டில் விழுந்தது. அவர் அதுவரை கீழே அடுப்படியில் முந்திரி வறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேட்டி, வியர்வை, கன்னத்தில் தழும்பு. படியில் நின்றவர் மறித்தார்.

"பேனர்ல இருக்கறவங்க மட்டுந்தான் மேல வரணும்."

"அது நாந்தாம்ப்பா."

மறித்தவர் பேனரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். "வுடுப்பா, அவரேதான்" என்று சார் மைக்கிலேயே சொன்னார். ஹால் சிரித்தது.

சிரித்துக்கொண்டே ஏறி வந்தவர், சால்வைக்காகத் தலையைக் குனிந்து, நிமிர்ந்தார்.

"பாப்பா."

"அப்பா..."

"கம்பெனி?"

"இல்லப்பா. இதான் வேலை. பொங்கலுக்கு வந்து நானே சொல்லலாம்னு..."

அவர் திரும்பிப் பேனரைப் பார்த்தார். "உன் படம் எங்க?"

"வேணாம்னுட்டேன்."

"எனக்குப் பயந்துகிட்டா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எம் படம் இருக்கே. அதப் பாத்த இல்ல?"

"பாத்தேன்ப்பா."

"பாத்துமா தெரியல?"

அவள் பேனரில் இருந்த கோட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

"பேப்பருக்குள்ள வந்த நோட்டீஸ எடுத்ததும் உங்கம்மா கண்டுபுடிச்சிட்டா. இந்த வெள்ளக்காரன் நீங்கதானேன்னா" என்றார்.

"அண்ணே, ஜெனரேட்டர் அண்ணன் வெயிட் பண்றாரு" என்று ரத்தினவேல் சார் அவர் தோளைப் பிடித்து நகர்த்தினார். சால்வையைக் கலியபெருமாளே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். விரா ஜெனரேட்டருக்குப் போர்த்திவிட்டு, அழுதுகொண்டே ஹெட்போனை மாட்டினாள். ட்யூப்லைட்டை அணைத்து, மேடையில் கலர் லைட்டை மட்டும் விட்டார்கள். அடி மறுபடி ஏறியது, ஜனங்கள் எழுந்தார்கள்.

நான் பெண்கள் வரிசையைத் தாண்டிப்போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஆடவில்லை, எழுந்து போகவும் இல்லை. சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்த அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பம்மா முடியும்?"

"பத்து மணிக்குங்க."

"வேன் கீழ நிக்குது. முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிடறேன்."

நான் அவசரமாக அவர் பக்கம் திரும்பினேன். "அவளத் திட்டாதீங்க. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னுதாங்க படமே வேணாம்னா. வேற யாரு மூலமாவும் உங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா."

"நேர்லயா? அவளேவா?"

"ஆமாங்க."

அவர் சால்வையின் நுனியால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்கம்மாவுக்கு இன்னும் தெரியாதுல்ல. நான் இன்னைக்கு இங்க பாத்ததா மூச்சு வுட மாட்டேன். வூட்டு வாசல்ல எறக்கிவுட்டுட்டு, வண்டிய நிறுத்திட்டு வரேன்னு பின்னால போயிடறேன். அவளே உள்ள போயி சொல்லட்டும்."